ரௌட்டரில் தொங்கும் வன்தட்டு: ஃபர்ம்வேரை மாற்றுவதா, தட்டை இடம் மாற்றுவதா?

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகள் பலவற்றில் ஓர் ஏற்பாட்டைக் காணலாம். கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ரௌட்டர் இருக்கும், அதன் யூ.எஸ்.பி. துளையில் ஒரு வெளி வன்தட்டு செருகியிருக்கும். பிள்ளைகளின் பள்ளி விழாப் படங்கள், பத்துமலைத் தைப்பூசக் காணொளிகள், திருமண ஆல்பங்கள், பழைய பாடல்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். தனியாக ஒரு சேமிப்புப் பெட்டி வாங்காமலேயே வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளும் ஒரே இடத்திலிருந்து கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம் என்பதால், செலவில்லாத நல்ல ஏற்பாடுதான். ஆனால் புதிய மடிக்கணினி வாங்கிய அன்றோ, விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று முடிந்த மறுநாளோ, அந்தக் கோப்புறை திடீரென்று திறக்க மறுக்கிறது. விவரம் தெரிந்தவர் என்று நாம் நம்பும் ஒருவரிடம் கேட்டால், ரௌட்டரின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள்ளிருந்து அதை இயக்கும் மென்பொருளை, தூக்கிவிட்டு ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. என்னும் இலவச மாற்று ஃபர்ம்வேரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்.

அந்த ஆலோசனை தவறில்லை; ஆனால் அது மூன்று வழிகளில் ஒன்று மட்டுமே. தயாரிப்பாளர் கொடுத்த ஃபர்ம்வேரையே வைத்துக்கொண்டு கணினியிலோ ரௌட்டரிலோ சில அமைப்புகளைத் திருத்துவது முதல் வழி. ஃபர்ம்வேரை மாற்றி, அதே ரௌட்டரில் புதிய பகிர்வு மென்பொருளை ஓடவிடுவது இரண்டாவது. ரௌட்டரை அதன் வேலையைப் பார்க்கவிட்டு, வன்தட்டை வேறொரு சிறு கணினிக்கோ சேமிப்புப் பெட்டிக்கோ மாற்றுவது மூன்றாவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரௌட்டர் ரௌட்டராகச் சரிவர இயங்குவதற்காக ஃபர்ம்வேரை மாற்றினால் அது நியாயமான உழைப்பு, கோப்புப் பகிர்வு ஒன்றுக்காக மட்டும் மாற்றினால், பெரும்பாலான வீடுகளில் அது செலவழிக்கும் நேரத்துக்கு ஈடாகாது. இந்த முடிவுக்கு விலக்குகள் உண்டு. எந்த வீடு எந்த வழிக்கு உரியது என்பதைப் பழுதின் தன்மைதான் தீர்மானிக்கிறது. ஆகவே ஒப்பீட்டைவிட நீளமாகப் பழுதைப் பற்றியே முதலில் பேச வேண்டியிருக்கிறது.

பழுது எந்தப் பக்கம்?

ரௌட்டரின் கோப்புப் பகிர்வு எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறையில், அதாவது கணினிகள் வலை வழியாகக் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் விதித்தொகுப்பில், நடக்கிறது. பல ரௌட்டர்களின் இயங்குதளமான லினக்ஸில் அதை நிறைவேற்றும் மென்பொருளான சாம்பாவை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜல் 1990களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கினார். கோப்புப் பகிர்வு உள்ள வீட்டு ரௌட்டர்கள் பலவற்றின் வயிற்றில் அதன் ஏதோ ஒரு பதிப்பு இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்தப் பதிப்பு பெரும்பாலும் மிகப் பழையது. பல மலிவு ரௌட்டர்களுக்கு நெறிமுறையின் முதற்பதிப்பு மட்டுமே தெரியும். 2017 மே மாதத்தில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற பிணைத்தொகை நிரல் உலகெங்கும் பரவியது விண்டோஸில் அந்த முதற்பதிப்பைக் கையாளும் பகுதியில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் கணினிகளில் முதற்பதிப்பு இடம்பெறுவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் புதுப்பிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது: அதன் புரோ வகையில் ஒவ்வொரு எஸ்.எம்.பி. இணைப்பும் கையொப்பமிடப்பட வேண்டும். கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவுக்கு இடமில்லை. கையொப்பமிடத் தேவையான திறவுகோல் கடவுச்சொல்லிலிருந்து பிறப்பதால், விருந்தினர் இணைப்பால் கையொப்பமிடவே முடியாது. ரௌட்டரில் எதுவுமே மாறாதபோது பகிர்வு நின்றுபோவதற்குக் காரணம் இந்த இரண்டில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும்.

அடையாளங்களைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் குறையும். விண்டோஸின் நெட்வொர்க் சாளரத்தில் ரௌட்டரின் பெயர் தென்படவில்லை, ஆனால் முகவரிப் பட்டையில் \\192.168.1.1 என்று தட்டினால் கோப்புறை திறக்கிறது என்றால், பகிர்வில் பழுதே இல்லை. பெயர்களைத் திரட்டிக் காட்டும் விண்டோஸின் பழைய சேவை முதற்பதிப்போடு சேர்ந்து போய்விட்டது. அதன் இடத்துக்கு வந்த கண்டறியும் முறையைப் பழைய ரௌட்டர்கள் பேசுவதில்லை. முகவரியைக் கொண்டே அந்தக் கோப்புறையை ஓர் இயக்கி எழுத்தாக இணைத்துவிட்டால் போதும். இதற்காக ஃபர்ம்வேரை மாற்றியவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

விருந்தினர் நுழைவை நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்று கணினி சொன்னால், அது வீட்டுக் கணினிதானே, எந்த நிறுவனம் என்று திகைக்க வேண்டியதில்லை. ரௌட்டரின் பகிர்வுப் பக்கத்துக்குப் போய் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஏற்படுத்தி, விருந்தினர் நுழைவை அணைத்துவிட வேண்டும். அதன் பிறகும் கடவுச்சொல்லை ஏற்க மறுத்தால், விண்டோஸின் நற்சான்று மேலாளரில் (கிரெடென்ஷியல் மேனேஜர்) பழைய பெயர் தங்கியிருக்கும். அதை நீக்கிவிட்டு மறுபடி நுழைய வேண்டும். ரௌட்டரில் இரண்டாம் பதிப்பு இருக்குமானால் பெரும்பாலும் இத்துடன் வேலை முடிந்தது. இருக்கிறதா என்பதைத் திறந்த இணைப்பின் மீது, விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் கெட்-எஸ்.எம்.பி.கனெக்‌ஷன் (Get-SmbConnection) என்னும் கட்டளையை இட்டுப் பார்க்கலாம். டயலெக்ட் (Dialect) என்ற நெடுவரிசையில் 2 அல்லது 3 எனத் தொடங்கும் எண் இருந்தால் நல்லது.

நெட்வொர்க் பாதையே கிடைக்கவில்லை என்று 80070035 என முடியும் பிழை எண் வந்தால் அப்போதுதான் சற்றுப் பொறுமை வேண்டும், ஏனெனில் அந்த ஒரு பிழைக்குப் பின்னால் பல காரணங்கள் ஒளிந்திருக்கும். ரௌட்டருக்கு முதற்பதிப்பு மட்டுமே தெரிந்திருக்கலாம். கணினி விருந்தினர் வைஃபையில் இணைந்திருக்கலாம்; அந்த வலையிலிருந்து வீட்டு வலைக்குள் போக ரௌட்டரே விடாது. நம் ஊரில் அதிகம் காணப்படும் காரணம் வேறொன்று: இணையச் சேவையாளர் கொடுத்த பெட்டியும் வைஃபை வழங்குகிறது, அதற்குப் பின்னால் நாம் வாங்கிய ரௌட்டரும் வைஃபை வழங்குகிறது. முன்பெட்டியின் வைஃபையில் இணைந்த கணினியால் பின்ரௌட்டரின் வன்தட்டை எட்ட முடியாது; இரண்டுமே 192.168.1.1 என்ற முகவரியை எடுத்துக்கொண்டிருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில் மட்டும் கோப்புகள் திறப்பதில்லை என்றால், மேல்தளத்துக் கணினி எந்தப் பெட்டியின் வைஃபையைப் பிடித்திருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை என்பது நெறிமுறையின் குற்றமன்று, வன்தட்டின் குற்றம். விண்டோஸின் விரைவுத் தொடக்கம் (ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்) இயங்கும் கணினியிலிருந்து, என்.டி.எஃப்.எஸ். என்னும் விண்டோஸ் வடிவில் உள்ள தட்டைப் பாதுகாப்பாக வெளியேற்றாமல் பிடுங்கி ரௌட்டரில் செருகினால், அதிலுள்ள லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே ஏற்றுக்கொள்ளும். கணினியில் மீண்டும் செருகி, சோதனை ஓட்டி, முறையாக வெளியேற்றினால் சரியாகும். ஒரு பெரிய காணொளிக் கோப்பு மட்டும் ஏற மறுத்தால், தட்டு பழைய ஃபேட்32 வடிவில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. தட்டு அடிக்கடி காணாமல் போய்த் திரும்ப வந்தால் மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டும்: யூ.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியரும் 3.0 துளை 900 மில்லி ஆம்பியரும் தரும் என்பது விதி, ஆனால் சுழலத் தொடங்கும் நொடியில் தட்டு அதைவிட அதிகம் கேட்கக்கூடும். தனி மின் இணைப்புள்ள யூ.எஸ்.பி. ஹப் ஒன்று அந்தச் சிக்கலை முடித்துவைக்கும்.

மெதுவாக இருக்கிறது என்ற குறைக்கு வருவோம், ஏனெனில் ஃபர்ம்வேர் ஆசையைக் கிளப்புவது பெரும்பாலும் இதுதான். முதலில் மடிக்கணினியைக் கேபிள் வழியாக இணைத்து ஒரு பெரிய கோப்பை நகலெடுத்துப் பார்க்க வேண்டும். கேபிளில் வேகம் இருந்து வைஃபையில் மட்டும் இல்லை என்றால், எந்த ஃபர்ம்வேரும் சுவரைக் கரைக்கப் போவதில்லை. இன்னொரு நுணுக்கம்: யூ.எஸ்.பி. 3.0 இணைப்பு எழுப்பும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் அலைவரிசையிலேயே விழுகிறது என்பதை இன்டெல் 2012இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் விளக்கியது. வன்தட்டைச் செருகிய பிறகுதான் வைஃபை தளர்ந்தது என்றால், தட்டை நல்ல கவசமுள்ள கேபிளால் ஆன்டெனாவிலிருந்து தள்ளி வைக்கலாம். அல்லது ரௌட்டரின் அமைப்பில் துளையை 2.0 வேகத்துக்கு இறக்கலாம். கேபிளிலும் மெதுவாகத்தான் வருகிறது என்றால், மையச் செயலிதான் திணறுகிறது. வீட்டு ரௌட்டரின் சிப் இணையத் தரவுப் பொட்டலங்களை அனுப்புவதற்காக வடிவமைக்கப்பட்டது; என்.டி.எஃப்.எஸ். தட்டைப் படிப்பதும், சாம்பாவை ஓட்டுவதும், கையொப்பமிடுவதும் அதற்குக் கூடுதல் சுமை.

ஃபர்ம்வேரை மாற்றினால்

மாற்று ஃபர்ம்வேர் என்ற வழக்கமே ஒரே ஒரு பெட்டியிலிருந்து தொடங்கியது. 2002 இறுதியில் லிங்க்சிஸ் வெளியிட்ட டபிள்யூ.ஆர்.டி.54ஜி ரௌட்டரில் லினக்ஸ் இருப்பது தெரியவந்து, உரிமத்தின்படி அதன் மூல நிரலை 2003இல் வெளியிட வேண்டியதாயிற்று. அதன் மீது 2004இல் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. தொடங்கியது, அடுத்த ஆண்டு டிடி-டபிள்யூ.ஆர்.டி.யும், அதற்கடுத்த ஆண்டு டொமேட்டோவும் வந்தன. டொமேட்டோவின் இன்றைய வாரிசு ஃபிரெஷ் டொமேட்டோ. அது பிராட்காம் சிப் உள்ள ரௌட்டர்களுக்கு மட்டுமே. அசூஸ் நிறுவனத்தின் சொந்த ஃபர்ம்வேரையே எடுத்துச் செப்பனிட்டு எரிக் சோவாஜோ வெளியிடும் மெர்லின் என்னும் பதிப்பு, குறிப்பிட்ட சில அசூஸ் மாதிரிகளுக்கு மட்டுமே கிடைக்கிறது.

இந்த நான்கையும் ஒரே தராசில் வைப்பது பயனற்றது, ஏனெனில் தேர்வை முதலில் செய்வது நாம் அல்ல, ரௌட்டருக்குள் இருக்கும் சிப்தான். பிராட்காம் வைஃபை சிப் உள்ள பெட்டிகளில் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி.யை நம்பிப் போவது வீண். அந்நிறுவனத்தின் வைஃபை இயக்கிகள் மூடிய நிரல்களாகவே இருப்பதால் வைஃபை அரைகுறையாக ஓடும், அல்லது ஓடவே ஓடாது. அங்கே டிடி-டபிள்யூ.ஆர்.டி.யும் ஃபிரெஷ் டொமேட்டோவும் மெர்லினும்தான் களத்தில் உள்ளவை. மீடியாடெக், குவால்காம் சிப்புகள் உள்ள பல பெட்டிகளில் நிலைமை தலைகீழ்: ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. அங்கே வலுவானது. லோயாட் பிளாசா மின்னணுக் கடைகளில் வாங்கியதோ, இணையச் சந்தையில் பழையதாக வாங்கியதோ, பெட்டியின் அடியில் உள்ள ஒட்டுத்தாளில் மாதிரிப் பெயரோடு வன்பொருள் பதிப்பு எண்ணையும் படிக்க வேண்டும். ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு பதிப்புகளுக்குள் முற்றிலும் வேறான சிப்புகள் இருப்பது இந்தத் தொழிலில் சாதாரணம்.

ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி.யின் பெரும் வலிமை ஒழுங்கு. பதிப்புகள் எண்ணிடப்பட்டு, குறிப்பிட்ட காலம்வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கின்றன, 23.05 பதிப்பு 2023 அக்டோபரிலும் 24.10 பதிப்பு 2025 பிப்ரவரியிலும் வந்தன. ஆனால் கோப்புப் பகிர்வு அதில் தானாக வருவதில்லை. யூ.எஸ்.பி. சேமிப்புக்கான தொகுப்பு, கோப்பு முறைமைக்கான தொகுப்பு, ஏற்றிவைக்கும் தொகுப்பு, பகிர்வு மென்பொருள், அதன் வலைப்பக்கம் என்று ஒவ்வொன்றாக நிறுவ வேண்டும். 8 மெகாபைட் சேமிப்பும் 64 மெகாபைட் நினைவகமும் உள்ள பெட்டிகள் இன்று விளிம்பில் நிற்பவை. 16 மெகாபைட் சேமிப்பும் 128 மெகாபைட் நினைவகமும் இருந்தால் ரௌட்டர் வேலைக்குப் போதும், ஆனால் முழுச் சாம்பாவை நிறுவ இடம் நெருக்கும். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 போன்ற பெட்டி இந்த நிலையில்தான் இருக்கிறது. அங்கே கே.எஸ்.எம்.பி.டி. என்னும் சிறிய மாற்று உதவும். 2021இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவின் 5.15 பதிப்பில் சேர்ந்த அது இலகுவானது, வேகமானது. ஆனால் கருவுக்குள்ளேயே ஓடுவதால் அதில் ஓர் ஓட்டை இருந்தால் முழுப் பெட்டியும் பறிபோகும். 2022 டிசம்பரில் அதில் வெளிப்பட்ட ஒரு குறைக்கு அபாய அளவீட்டின் உச்சமான 10 மதிப்பெண் கொடுக்கப்பட்டது. குறை திருத்தப்பட்டுவிட்டது, வீட்டுக்குள் மட்டும் திறந்திருக்கும் பகிர்வுக்கு நான் அதைத் தயங்காமல் பயன்படுத்துவேன்.

இங்கே நிறுவியவர்கள் வழக்கமாக முட்டிக்கொள்ளும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். ரௌட்டரின் நிர்வாகிக் கணக்கான ரூட் பெயரிலேயே பகிர்வுக்குள் நுழைய முயல்வார்கள். இயல்பமைப்புக் கோப்பு அந்தப் பெயரைத் தடுத்திருக்கிறது. அதனால் கடவுச்சொல் சரியாக இருந்தும் கதவு திறக்காது. தனியாக ஒரு பயனரை ரௌட்டரில் உருவாக்கி, சாம்பாவுக்கென்று அவருக்குத் தனிக் கடவுச்சொல் இட்டு, கோப்புறையின் உரிமையையும் அவர் பெயருக்கு மாற்ற வேண்டும். இந்த மூன்றில் ஒன்று விடுபட்டாலும் வரும் பிழைச்செய்தி ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். தட்டை லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவுக்கு மாற்றினால் வேகமும் நிலைத்தன்மையும் கூடும். ஆனால் வடிவம் மாற்றுவது என்றால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதும், பிறகு அந்தத் தட்டை விண்டோஸ் கணினியில் நேரடியாகச் செருகினால் படிக்காது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

டிடி-டபிள்யூ.ஆர்.டி. இந்த விஷயத்தில் இலகுவாகத் தோன்றும். யூ.எஸ்.பி. ஆதரவும் பகிர்வும் பல மாதிரிகளில் உள்ளேயே இருக்கின்றன; வலைப்பக்கத்தில் சில பெட்டிகளைத் தட்டினால் ஓடத் தொடங்கும். குறை என்னவென்றால், எது உறுதியான பதிப்பு என்பதற்குத் தெளிவான விடை கிடையாது. கட்டுமான எண்கள் மட்டும் ஏறிக்கொண்டே போகும். ரௌட்டர் தரவுத்தளத்தில் உங்கள் மாதிரியைத் தேடினால் மிகப் பழைய கட்டுமானத்தைக் கையில் கொடுத்துவிடும். அதை நம்பி ஏற்றுபவர் தயாரிப்பாளரின் ஃபர்ம்வேரைவிடப் பழைய சாம்பாவுக்குப் போய்ச் சேர்ந்தாலும் வியப்பதற்கில்லை. மெர்லினை விரும்புவோர் எண்ணிப் பார்க்க வேண்டியது இது: அது பல சிறு குறைகளைத் திருத்தினாலும் கோப்புப் பகிர்வுக்கு அசூஸின் பழைய 3.6 வரிசைச் சாம்பாவையே நம்பியிருக்கிறது. இரண்டாம் பதிப்பை அது பேசும் என்பதால் விண்டோஸ் 10க்குப் போதும். பகிர்வை மேம்படுத்துவதற்கென்று மெர்லினுக்கு மாறுவதில் மட்டும் பொருளில்லை.

இணையக் கம்பியின் பக்கம்

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் பின்பற்றி மலேசியாவில் ஃபர்ம்வேரை மாற்றுபவர் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் பகிர்வு அன்று, இணையமே. யூனிஃபை ஃபைபரில் இணையம் 500 என்ற வி.லேன் எண்ணிலும் (ஒரே கம்பியில் சேவைகளைப் பிரித்துக் காட்டும் எண்) தொலைக்காட்சி 600 என்ற எண்ணிலும் வருகின்றன. மேக்சிஸ் ஃபைபரின் இணையத்துக்கு 621. இவற்றின் மேல், சேவையாளரின் வலைக்குள் நுழையும் முறையான பி.பி.பி.ஓ.இ.க்குரிய நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். மலேசியச் சந்தைக்கு வரும் டிபி-லிங்க், அசூஸ் ரௌட்டர்கள் பலவற்றில் சேவையாளரின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் இந்த எண்கள் தாமாகவே நிரம்பிக்கொள்ளும். ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி.யில் அந்த வசதி இல்லை. வெளி இணைப்பின் மீது 500 என்ற உட்பிரிவை நாமே உருவாக்கி, அதன் மேல் பி.பி.பி.ஓ.இ.யை ஏற்ற வேண்டும். தெரிந்தவருக்குச் சில நிமிட வேலைதான்; தெரியாதவருக்கு, இணையம் அறுந்த நிலையில், விடையை எங்கே தேடுவது என்றே தெரியாத மாலைப்பொழுது. மெர்லினில் அசூஸின் பட்டியல் அப்படியே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

வேகத்திலும் ஓர் இழப்பு நேரலாம். தயாரிப்பாளரின் ஃபர்ம்வேர், வீட்டுக் கருவிகளின் முகவரிகளை இணைய முகவரியாக மாற்றும் வேலையைச் சிப்பின் தனிப் பகுதிக்குத் தள்ளிவிடுகிறது. மாற்று ஃபர்ம்வேர்களில் அந்த வசதி எல்லாச் சிப்புகளுக்கும் கிடைப்பதில்லை. மீடியாடெக் எம்.டி.7621 சிப்பில் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. அதைச் செய்கிறது; ஆனால் ஆர்ச்சர் சி7 போன்ற பழைய மிப்ஸ் வகைச் செயலியுள்ள பெட்டியில் 500 மெகாபிட் இணைப்பை முழுதாக நிரப்புவதே கடினம், அதோடு வன்தட்டையும் பரிமாறச் சொன்னால் இரண்டும் கெடும். மறுபக்கத்தில், தயாரிப்பாளர் கைவிட்டுவிட்ட ரௌட்டருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைப்பதும், ஒருவர் பெரிய கோப்பை மேலேற்றும்போது மற்றவரின் காணொளி அழைப்பு சிதறாமல் வரிசையைச் சீர்செய்யும் கேக் என்னும் முறையும், வயர்கார்டு வழியாக வெளியூரிலிருந்து வீட்டுக்குள் நுழையும் வசதியும் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. தரும் உண்மையான பலன்கள். இவற்றுக்காக மாற்றுபவரை நான் தடுக்க மாட்டேன்.

தட்டை வெளியே எடுத்தால்

மூன்றாவது வழியில் கணக்கு எளிது. கிகாபிட் கேபிளில் நல்ல சேமிப்புப் பெட்டி நொடிக்கு 110 மெகாபைட் அளவுக்குக் கொடுக்கும், யூ.எஸ்.பி. 2.0 ரௌட்டர் ஒன்றில் 20 மெகாபைட் கிடைத்தாலே திருப்திப்பட வேண்டியிருக்கும். 60 ஜிகாபைட் திருமணக் காணொளியை நகலெடுக்க முன்னதில் ஒன்பது நிமிடம், பின்னதில் ஐம்பது நிமிடம். கோப்புகளை எப்போதாவது திறந்து பார்க்கும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு பொருட்டே அன்று. ஜார்ஜ்டவுனில் வீட்டிலிருந்தே படத்தொகுப்பு செய்பவருக்கு அது அன்றாடக் கூலி.

பழைய மேசைக் கணினியை இதற்கு ஒதுக்கலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். அது சும்மா இருக்கும்போதே 50 வாட் எடுத்தால் மாதம் 36 யூனிட். 6 வாட்டில் ஓடும் ராஸ்பெர்ரி பை 4 என்னும் கையளவுக் கணினிப் பலகை மாதம் நான்கு யூனிட்டைச் சற்றுத் தாண்டும். 2019இல் வந்த அந்தப் பலகையில் யூ.எஸ்.பி. 3.0 துளைகளும் முழுக் கிகாபிட் இணைப்பும் இருப்பதால் வீட்டுப் பகிர்வுக்குத் தாராளமாகப் போதும். ஓப்பன்மீடியாவால்ட் என்னும் இலவச மென்பொருள் வலைப்பக்கத்திலேயே பயனர்களையும் கோப்புறைகளையும் அமைக்கவிடுகிறது. பலகையின் எல்லா யூ.எஸ்.பி. துளைகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் என்பதால் இரண்டு தட்டுகளைத் தொங்கவிடுபவர் இங்கேயும் மின் ஹப் வாங்க வேண்டும். பயன்படுத்திய சிறு அலுவலகக் கணினி கிடைத்தால் அது இன்னும் நல்லது. சினாலஜி, கியூநாப் போன்ற ஆயத்தப் பெட்டிகள் விலை அதிகம், உழைப்பு குறைவு. இரண்டு தட்டுகளில் ஒரே தரவை எழுதிவைக்கும் வசதி அவற்றின் சிறப்பு. அவற்றை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடுவதில்தான் ஆபத்து: 2022இல் டெட்போல்ட் என்ற பிணைத்தொகை நிரல் பூட்டியது அப்படித் திறந்து கிடந்த கியூநாப் பெட்டிகளைத்தான்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வசிப்பவர் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இங்கே பிற்பகல் இடிமழை ஆண்டு முழுவதும் வாடிக்கை. மின்னல் வரும்போது ரௌட்டரின் மின்செருகியைப் பிடுங்கிவிடும் வழக்கம் நம் வீடுகளில் நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. ரௌட்டருக்கு அதனால் கேடில்லை. அதில் தொங்கும் வன்தட்டு எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் மின்சாரம் இழந்தால் கோப்பு முறைமை சிதையும். தட்டு தனிப்பெட்டியில் இருந்தால் அதை ஒரு சிறு யூ.பி.எஸ்.இல் வைத்து முறையாக அணையச் செய்யலாம்.

யாருக்கு எது?

ரௌட்டர் இரண்டாம் பதிப்பைப் பேசுகிறது, பயன்பாடு படங்களும் பாடல்களும் மட்டும் என்றால், பயனர் கணக்கு ஒன்றை ஏற்படுத்திக்கொண்டு அப்படியே விட்டுவிடலாம். தொலைக்காட்சியில் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் எஸ்.எம்.பி.யே தேவையில்லை, ரௌட்டரில் இருக்கும் டி.எல்.என்.ஏ. ஊடகச் சேவையை இயக்கினால் போதும். முதற்பதிப்பு மட்டுமே தெரிந்த ரௌட்டருக்காக விண்டோஸில் அந்த முதற்பதிப்பை மீண்டும் இயக்குவதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சில தட்டல்களில் முடிந்துவிடும் என்பதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் மடிக்கணினி அலுவலகத்துக்கும் உணவகத்து வைஃபைக்கும் அந்தக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே போகிறது.

முதற்பதிப்பு மட்டுமே தெரிந்த அந்த ரௌட்டரின் சிப் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி.க்கு ஏற்றதாகவும், நினைவகம் 256 மெகாபைட்டாகவும், துளை யூ.எஸ்.பி. 3.0ஆகவும் இருந்தால், ஷாவ்மி 3ஜி ரௌட்டரைப் போல, இரண்டாவது வழி உண்மையிலேயே பொருந்தும். பழைய பெட்டிக்கு இன்னும் சில ஆண்டுகள் கிடைக்கும். புதிதாக வாங்கி மாற்றலாம் என்று எண்ணுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி.க்காக இன்று பலரும் தேடும் ஷாவ்மி ஏ.எக்ஸ்.3000டி, ரெட்மி ஏ.எக்ஸ்.6000 போன்றவற்றில் யூ.எஸ்.பி. துளையே கிடையாது. ரௌட்டரிலேயே தட்டு என்ற ஏற்பாட்டைச் சந்தை மெல்லக் கைவிட்டு வருகிறது. 2024 இறுதியில் அந்தத் திட்டத்தின் பெயரிலேயே வெளியான ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. ஒன் பெட்டியில் 1 ஜிகாபைட் நினைவகமும் எம்.2 திடநிலைத் தட்டுக்கான இடமும் உண்டு, ஆனால் அது கைவேலை விரும்பிகளுக்கானது. மற்ற எல்லோருக்கும், குறிப்பாகத் தட்டில் இருப்பது வேறெங்கும் நகல் இல்லாத குடும்பப் படங்கள் என்றால், மூன்றாவது வழிதான்.

இரண்டாவது வழியையே தேர்ந்தெடுப்பவர் வேலையைத் தொடங்கும் முன் இணையம் அறுபடும் என்பதை ஏற்றுக்கொண்டு தயாராக வேண்டும். பி.பி.பி.ஓ.இ. பெயரையும் கடவுச்சொல்லையும் தாளில் எழுதிவைக்க வேண்டும். ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி.யின் முதல் நிறுவலுக்கான ஃபேக்டரிக் கோப்பு, பிந்தைய புதுப்பிப்புக்கான சிஸ்அப்கிரேடு கோப்பு, தயாரிப்பாளரின் மூல ஃபர்ம்வேர் மூன்றையும் மடிக்கணினியில் இறக்கி, கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். பாதியில் நின்றுபோனால் மீட்கும் முறை மாதிரிக்கு மாதிரி வேறுபடும்; டிபி-லிங்க் பெட்டிகள் பலவற்றில், கணினிக்கு 192.168.0.66 என்ற முகவரி கொடுத்து டி.எஃப்.டி.பி. என்னும் எளிய கோப்பு அனுப்பும் சேவையை ஓடவிட்டு, மீட்டமை பொத்தானை அழுத்தியபடி ரௌட்டரை இயக்கினால் அதுவே கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதுவும் பலிக்காவிட்டால் உள்பலகையின் தொடர்முனையில் (சீரியல் முனை) 3.3 வோல்ட் யூ.எஸ்.பி.-சீரியல் கேபிளை இணைக்க வேண்டிவரும். கோலாலம்பூரில் ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில் அந்தக் கேபிளைத் தேடலாம். 5 வோல்ட் வகையை வாங்கிவிடக் கூடாது. வன்தட்டை இத்தனை நேரமும் ரௌட்டரிலிருந்து கழற்றியே வைத்திருப்பது நல்லது. இணையம் ஒரு முழு நாள் அறுபடாமல் ஓடிய பிறகு செருகினால், அடுத்து வரும் பிழை எதனுடையது என்று தேட வேண்டியிருக்காது.